வரலாற்றுக்குப் பிந்திய பெயர்கள்

1453 மே 29 அன்று கான்ஸ்டான்டிநோபிளைத் துருக்கியர் கைப்பற்றியபோது போரிட்டு மடிந்த பதினொன்றாம் கான்ஸ்டன்டைன், தம்மை ரோமானியப் பேரரசர் என்றே சொல்லிக்கொண்டவர். அவருடைய குடிகள் பேசியது கிரேக்கம்; ஆனாலும் அவர்கள் தங்களுக்கு இட்டுக்கொண்ட பெயர் ரோமானியர். பாடநூல்களில் மட்டும் அவர்கள் பைசாந்தியர். நகரம் வீழ்ந்து நூறாண்டுக்குப் பின், 1557இல், ஹீரோனிமஸ் வோல்ஃப் என்ற ஜெர்மானிய அறிஞர் வெளியிட்ட தொகுப்பு அந்தப் பெயரைப் பரப்பியது. 800இல் சார்லமேனுக்கு ரோமானியப் பேரரசராக முடிசூட்டிய மேற்கு ஐரோப்பாவுக்கு இன்னொரு ரோம் இடைஞ்சலாகவே இருந்துவந்தது. பைசாந்தியம் என்ற அந்த நகரின் பழைய பெயர் அந்தச் சிக்கலை நோகாமல் தீர்த்தது.

உலக வரலாற்றின் முதன்மையான சொற்கள் பலவும் இப்படிப் பின்னால் வந்தவர்கள் ஒட்டியவைதான்.

1200இல் வாழ்ந்த எவரும் தாம் 'இடைக்கால'த்தில் இருப்பதாக நினைத்ததில்லை. ரோமின் வீழ்ச்சிக்குப் பிந்திய நூற்றாண்டுகளை இருளென்று இகழ்ந்தவர் 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் பெட்ரார்க். பண்டை, இடை, புதுக் காலம் என்ற முப்பிரிவைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுசேர்த்தவர் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஹாலே நகரில் இருந்த செல்லாரியஸ். அந்த 'இருளில்'தான் தொலேதோவில் கிரெமோனாவின் ஜெரார்டு, தாலமியின் வானியல் நூலை அரபியிலிருந்து லத்தீனுக்குப் பெயர்த்தார். 1927இல் வரலாற்றாசிரியர் சார்லஸ் ஹாஸ்கின்ஸ் பன்னிரண்டாம் நூற்றாண்டுக்கே ஒரு மறுமலர்ச்சி உண்டென்று நூல் எழுதினார்.

தமிழ் வாசகருக்கு இது பழகிய வழக்கு. களப்பிரர் ஆட்சியை 'இருண்ட காலம்' என்றவர்கள் பெரிதும் நம்பியது வேள்விக்குடிச் செப்பேட்டை. அது களப்பிரரை வென்ற பாண்டியர் தரப்பின் ஆவணம். மயிலை சீனி. வேங்கடசாமி அந்த அடைமொழியை மறுத்துத் தனி நூலே எழுதினார்.

ஆனால் 'நிலமானிய முறை' அளவுக்கு அடிபட்ட சொல் வேறில்லை. வரலாற்றாசிரியர் மார்க் பிளாக் 1939-40இல் அதற்கு ஒரு முழுச் சமூகத்தின் உருவம் கொடுத்தார். 1974இல் எலிசபெத் பிரவுன், ஊருக்கு ஊர் வேறுபட்ட நடைமுறைகளை ஒரே அச்சில் வார்க்கும் அந்தச் சொல்லையே கைவிடச் சொன்னார். 1994இல் சூசன் ரெனால்ட்ஸ் இன்னும் ஆழமாகத் தோண்டினார்: மானியம், பிரபு, ஊழியர் என்ற ஒழுங்கான சித்திரம் பிற்காலச் சட்ட வல்லுநர்கள் வரைந்தது என்பது அவர் வாதம். இந்தியாவில் ஆர். எஸ். சர்மா 1965இல் இந்திய நிலமானியத்தை நூலாக்கினார். ஹர்பன்ஸ் முகியா எதிர்த்தார். பர்ட்டன் ஸ்டைன் வேறு வழியில் போய், ஆப்பிரிக்காவின் ஆலூர் மக்களைப் பற்றிய ஆய்விலிருந்து அதிகாரம் நடுவில் குவியாமல் வட்டாரக் கூறுகளில் பிரிந்து கிடக்கும் 'கூறுநிலை அரசு' என்ற கருத்தை எடுத்துச் சோழர்களுக்குப் பொருத்தினார். நொபொரு கராஷிமா அதற்கு எதிராகக் கல்வெட்டுகளை வைத்தார். கோட்பாட்டுச் சண்டையில் கல்வெட்டுகளில் வரும் வரிப் பெயர்களை எண்ணுவது சலிப்பான வேலைதான். ஆனால் விவாதத்துக்குத் தரை கிடைத்தது அந்த எண்ணிக்கையால்.

'மறுமலர்ச்சி'யின் கதை சுருக்கமானது. 1550இல் வசாரி ஓவியர், சிற்பியரின் வரலாற்றை எழுதியபோது கலையின் மறுபிறப்பைத்தான் குறித்தார். மிஷ்லே 1855இல் அச்சொல்லை ஒரு யுகத்துக்கே சூட்ட, 1860இல் புர்க்ஹார்ட் அதற்கு இத்தாலிய முகம் தந்தார். பெண்களுக்கும் மறுமலர்ச்சி இருந்ததா என்று 1977இல் ஜோன் கெல்லி கேட்டார். இத்தாலிய மேட்டுக்குடிப் பெண்களுக்கு முந்தைய நூற்றாண்டுகளில் இருந்த இடம்கூட அப்போது சுருங்கியது என்பது அவர் கண்ட விடை.