சிக்கனம் - யாருக்கு?

"இருப்பதைக் கொண்டு வாழக் கற்றுக்கொள்!" - எவ்வளவு எளிய அறிவுரை! சொல்பவருக்குச் செலவில்லை, கேட்பவருக்கு மறுக்க வழியில்லை. மேடையிலே முழங்கலாம், பாடநூலிலே அச்சிடலாம், பள்ளிக் கட்டுரைப் போட்டிக்குத் தலைப்பாகவும் தரலாம். சிறு துளி பெரு வெள்ளம் என்று தொடங்கி மாணவர்கள் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளுகிறார்கள். அத்தனை பக்கங்களிலும் ஒரே ஒரு கேள்வி மட்டும் தலைகாட்டுவதில்லை. இருப்பது என்றால் எவ்வளவு? இருப்பது யாரிடம்?

இந்தக் கேள்வியைக் கைவிளக்காக ஏந்திக்கொண்டு, ஆங்கில நாட்டிலே வெவ்வேறு காலங்களில் வெளிவந்த மூன்று ஏடுகளைப் புரட்டிப் பார்ப்போம். ஏன் ஆங்கில நாடு? ஆலைகள் முதன்முதலில் புகை கக்கிய நாடு அது. சிக்கனத்தை அறமென்று போற்றியதும், அந்த அறத்தின் மறுபக்கத்தைக் கிழித்துக் காட்டியதும், கடைசியிலே சிக்கனத்தைச் சட்டமாகவே ஆக்கிப் பார்த்ததும் அந்த நாடுதான். ஆய்ந்து பார்க்க அதைவிட ஏற்ற களம் எது?

முதல் ஏடு, 1875-இல் வெளிவந்த 'சிக்கனம்' என்னும் நூல். எழுதியவர் சாமுவேல் ஸ்மைல்ஸ். 1812-இல் ஸ்காத்லாந்திலே பிறந்தவர், மருத்துவம் பயின்றவர், லீட்ஸ் நகரிலே இதழாசிரியராக இருந்து, பின்னர் இரயில்வே நிறுவனங்களில் செயலாளராகப் பணியாற்றியவர். 1859-இல் அவர் எழுதிய 'தன்னுதவி' பல மொழிகளில் பெயர்க்கப்பட்டு, பல நாட்டு இளைஞர்களின் கைகளிலே தவழ்ந்த நூல். அந்தப் புகழின் வெளிச்சத்திலேதான் 'சிக்கன'மும் வந்தது.

ஸ்மைல்சைப் போலி என்று ஏசுவதற்கில்லை. உழைப்பை அவர் உண்மையாகவே மதித்தார். பரம்பரைப் பெருமையைவிட முயற்சியே பெரிது என்று பேசினார். பெருங்கடனாளிகளான பெரிய மனிதர்களைப் பற்றி ஓர் அதிகாரமே எழுதி, வரவுக்கு மீறி வாழும் மேட்டுக்குடியையும் கண்டித்தார். இல்லங்களின் நலவாழ்வைப் பற்றியும் எழுதினார். இவை பாராட்டத்தக்கன. விதி என்றும் வினைப்பயன் என்றும் பேசிக் கையைக் கட்டிக்கொண்டு கிடப்பவனுக்கு ஸ்மைல்ஸ் ஒரு சாட்டையடி என்பதை ஒப்புக்கொள்வோம்.

ஆனால், தொழிலாளியின் துயரத்துக்குக் காரணம் எங்கே என்று தேடும்போது, அவர் கண் பெரிதும் எங்கே செல்கிறது? அவனுடைய வீட்டுக்குள் செல்கிறது. அவனுடைய சட்டைப்பைக்குள் செல்கிறது. அவன் குடிக்கும் கோப்பைக்குள் செல்கிறது. நல்ல கூலி வாங்கியும் சேமிக்கவில்லையே என்று வருந்துகிறார். சேமிப்பு வங்கியின் வாயிலைக் காட்டுகிறார். கூலி எவ்வளவு என்று முடிவு செய்யும் கணக்கறைக்குள்ளே மட்டும் அவருடைய கண் அதே ஆவலோடு நுழையவில்லை! கம்பளம் நெய்து பெருஞ்செல்வராகிய கிராஸ்லி குடும்பத்தாருக்குத் தனி அதிகாரமே ஒதுக்கியிருக்கிறார். பல்லாயிரம் பேர் பந்தயத்தில் ஓட, முதலில் வந்த ஒருவனுக்கு மாலை சூட்டிவிட்டு, மற்றவர்களைப் பார்த்து, "நீங்கள் ஏன் ஓடவில்லை?" என்று கேட்பது போன்ற தர்க்கம் இது. அவர்களும் ஓடினார்கள் ஐயா! கால்கள் கட்டப்பட்ட நிலையிலே ஓடினார்கள்!

சிக்கனமாக வாழ்வதற்கும் முதல் வேண்டும் என்பதை எண்ணிப் பாருங்கள். மாதத்துக்கு வேண்டிய அரிசியை மூட்டையாக வாங்கினால் மலிவு. அன்றாடம் கூலி வாங்கி அன்றாடம் படியளவில் வாங்குபவனுக்கு அதே அரிசி கூடுதல் விலை. உறுதியான தோலிலே செய்த காலணி ஆண்டுக்கணக்கில் உழைக்கும். கையிலே உள்ள சில்லறைக்குக் கிடைக்கும் காலணி மழைக்காலம் முடியுமுன் வாய் பிளக்கும். நல்ல துணிக்குத்தான் ஒட்டுப் போட முடியும். நைந்த துணியிலே ஊசி நுழைந்தால், ஒட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு கிழிசல் வாய் திறக்கும். ஆகவே ஏழை ஊதாரி என்று சொல்வது பொய். ஏழையாக இருப்பதே செலவு மிகுந்த வாழ்வு என்பதுதான் மெய்!

இந்த மெய்யை எழுதுவதற்கு, ஊசி குத்திய விரலும் ஏணி ஏறிய காலும் உள்ள ஒருவன் தேவைப்பட்டான். அவன் எழுதியதே இரண்டாவது ஏடு - 'கந்தல் கால்சட்டை வள்ளல்கள்'. ராபர்ட் டிரெஸ்ஸல் என்பது புனைபெயர். ராபர்ட் நூனன் என்பது அறியப்பட்ட பெயர். டப்ளினில் பிறந்து, இங்கிலாந்தின் தென்கரையிலே ஹேஸ்டிங்ஸ் நகரில் வீடுகளுக்கு வண்ணம் பூசிப் பிழைத்த தொழிலாளி. நாளெல்லாம் தூரிகை பிடித்த கை எழுதிய நாவல் அது. அச்சில் அதைக் காணும் பேறு அவனுக்குக் கிட்டவில்லை. 1911-இல் லிவர்ப்பூலில் காசநோய்க்கு இரையாகி, ஏழைகளைப் புதைக்கும் பொதுக்குழியிலே புதைக்கப்பட்டான். கையெழுத்துப் படியைக் காத்து வைத்திருந்த மகளின் முயற்சியால், 1914-இல் நாவல் சுருக்கப்பட்டு வெளிவந்தது. முழு வடிவம் வெளிவர 1955 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்த நாவலின் மூன்றாம் அதிகாரத்துக்கு 'நிதி வல்லுநர்கள்' என்று தலைப்பு. யார் அந்த வல்லுநர்கள்? நாட்டின் வரவு செலவை வகுக்கும் அமைச்சர்களா? அல்ல! ஈஸ்டன் என்னும் வண்ணம் பூசும் தொழிலாளியும், அவன் மனைவி ரூத்தும். வீட்டு வாடகை, கடைக்காரன் பாக்கி, தவணையில் வாங்கிய தட்டுமுட்டுச் சாமானுக்குரிய பணம் எனத் தாளிலே ஒவ்வொன்றாக எழுதுகிறார்கள், கூட்டுகிறார்கள், கழிக்கிறார்கள். எப்படிக் கூட்டினாலும் கூலி குறைகிறது; எப்படிக் கழித்தாலும் கடன் மிஞ்சுகிறது. ஊதாரித்தனம் எங்கே என்று தேடுகிற வாசகனுக்கு ஒன்றும் அகப்படுவதில்லை. கடைசியில், இருக்கும் சிறிய வீட்டிலும் ஓர் அறையை அயலானுக்கு வாடகைக்கு விடுவது என்ற முடிவுக்கு வருகிறார்கள். இருப்பதைக் கொண்டு வாழ்வது என்றால் அவர்களுக்கு இதுதான் பொருள்!

ஸ்மைல்சின் நூல் முழுவதற்கும் விடை அந்த ஓர் அதிகாரத்திலே இருக்கிறது என்போம். தலைப்பிலே உள்ள கேலியைக் கவனியுங்கள். கந்தல் கால்சட்டை அணிந்தவன் எப்படி வள்ளல் ஆவான்? தன் உழைப்பின் பயனை முதலாளிக்கு அள்ளி அள்ளிக் கொடுத்துவிட்டு, தன் கிழிசலுக்குத் தானே ஒட்டுப் போட்டுக்கொள்கிறானே - அவனைவிடப் பெரிய வள்ளல் யார்? கர்ணனும் தோற்பான்! நாவலிலே குறைகள் உண்டு. சொற்பொழிவுகள் நீள்கின்றன, தீயவர்களின் பெயர்களே அவர்களைக் காட்டிக் கொடுத்துவிடுகின்றன. ஆயினும், அந்த அடுப்படிக் கணக்கின் உண்மை எந்தக் குறையையும் தாங்கும்.

மூன்றாவது ஏடு, நூல் என்று சொல்லத்தக்க அளவுகூட இல்லாத சிறு வெளியீடு. 1943-இல் பிரிட்டிஷ் வர்த்தக வாரியத்துக்காகத் தகவல் அமைச்சகம் வெளியிட்டது. 'இருப்பதைக் கொண்டு சமாளி, கிழிந்ததைத் தை' என்பது அதன் பெயரின் பொருள். போர்க்காலம் அது. 1941 ஜூன் 1-ஆம் நாள் முதல் துணிக்குப் பங்கீடு வந்துவிட்டது. வயது வந்தோர் ஒவ்வொருவருக்கும் முதலாண்டுக்கு 66 கூப்பன்கள். ஆடவர் உடுப்பு ஒன்றுக்கு, மேற்கோட்டு, அரைக்கோட்டு, கால்சட்டை மூன்றும் சேர்த்து, 26 கூப்பன், காலணிக்கு 7. பிரபுவுக்கும் 66, பெருக்குபவனுக்கும் 66!

வெளியீட்டின் நடையைப் பாராட்ட வேண்டும். அறவுரை குறைவு, செய்முறை மிகுதி. முழங்கை தேயுமுன் உள்ளே துணி வைத்துத் தைப்பது எப்படி, கிழிசலில் இழையோட்டுவது எப்படி, பழைய கம்பளிப் பின்னலைப் பிரித்து மீண்டும் பின்னுவது எப்படி, அந்துப்பூச்சி அரிக்காமல் காப்பது எப்படி - இப்படிக் கைக்கு வேலை சொல்கிறது. 'நீ கெட்டவன், ஆகவே ஏழை' என்று சொல்லவில்லை. நாட்டுக்கு நெருக்கடி, எல்லோரும் பங்கேற்போம் என்கிறது. அரசும் வெறுங்கையோடு வந்து உபதேசிக்கவில்லை. தரத்தையும் விலையையும் கட்டுப்படுத்தி 'பயன்பாட்டு ஆடை'த் திட்டத்தை நடத்தியது. அந்த ஆடைகளுக்கு விற்பனை மீதான கொள்முதல் வரியையும் நீக்கியது. ஆடவர் கால்சட்டையின் அடிமடிப்பைக்கூட 1942-இல் தடை செய்தது. சிக்கனம் சீமானின் தையற்காரன் வரை சென்று கதவைத் தட்டியது!

1947-இல் இளவரசி எலிசபெத்தின் திருமணத்துக்குக்கூடக் கூப்பன் கணக்குப் பார்க்க வேண்டியதாயிற்று. கூடுதலாகச் சில கூப்பன்கள் அவருக்குத் தரப்பட்டன என்பதும் உண்மை. அரண்மனைக்கும் கணக்கு உண்டு என்ற நிலை தோன்றியதே, அதுதான் ஸ்மைல்ஸ் காணாத புதுமை.

அப்படியானால் குறையே இல்லையா? உண்டு, நமது கேள்வி இங்கேயும் உதவுகிறது. 'இருப்பதைக் கொண்டு' என்கிறது வெளியீடு. சீமாட்டியின் அலமாரியிலே முப்பது ஆடைகள் தொங்குகின்றன. ஒன்றைப் பிரித்து இன்னொன்றாக்கலாம். ஆலைத் தொழிலாளியின் மனைவிக்கு அலமாரியே இல்லை. ஆணி இருக்கிறது, அதிலே ஓர் ஆடை தொங்குகிறது. அதைப் பிரித்தால் எதை உடுப்பாள்? கூப்பன் சமம், அலமாரி சமமில்லை. கூப்பன் சமம், அதோடு சேர்த்துக் கொடுக்க வேண்டிய காசு சமமில்லை. பணமில்லாதவர்களின் கூப்பன்கள் சட்டத்தை மீறிப் பணமுள்ளவர்களிடம் விலைபோனதும் உண்டு.

இன்னொரு குறையையும் சுட்ட வேண்டும். ஊசியை யார் கையிலே கொடுத்தார்கள்? பெண்ணின் கையிலே! 1941 டிசம்பரில் வந்த சட்டம், 20 முதல் 30 வயது வரையுள்ள மணமாகாத பெண்களைப் போர்ப் பணிக்கு அழைத்தது. பகலெல்லாம் ஆயுத ஆலையிலே நின்றவள், இரவிலே வீட்டிலே உட்கார்ந்து ஆடவன் காலுறைக்கு இழையோட்ட வேண்டும்! விளம்பரச் சுவரொட்டிகளிலே புன்னகை பூத்த தையல் பொம்மையும் பெண்ணுருவமே. நாட்டுக்காகச் சிக்கனம் என்றார்கள். அந்தச் சிக்கனத்துக்கான கூலியில்லா உழைப்பை ஒரு பாலாரின் தோளிலே ஏற்றினார்கள். கிழிசலுக்கு ஆண் பெண் பேதமில்லை. ஊசிக்கு மட்டும் ஏன்?

துணிப் பங்கீடு 1949 மார்ச் 15-இல் முடிந்தது. காலம் மாறிற்று. இன்று கடைவீதி வேறு பாட்டுப் பாடுகிறது: "கிழியுமுன் வீசு, வேறொன்று வாங்கு!" பழுது பார்க்கும் செலவு புதிது வாங்கும் செலவை எட்டிப் பிடிக்கிறது. ஒட்டுப் போடுவது ஏழ்மையின் அடையாளம் என்று வெட்கப்பட வைக்கப்படுகிறோம். இந்த வெட்கமும் விற்பனைச் சரக்குத்தான்! 2023-இல் பிரெஞ்சு அரசு, ஆடையையும் காலணியையும் பழுது பார்க்கும் செலவில் ஒரு பகுதியைத் திட்டம் வழியே குறைத்துக் கொடுக்கத் தொடங்கியது. சிக்கனத்தைக் கேட்பவர் செலவிலும் பங்கேற்க வேண்டும் என்ற நெறி அதிலே தெரிகிறது.

மூன்று ஏடுகளையும் மூடி வைத்துவிட்டு நாம் காணும் முடிவு இதுதான். பழுது பார்ப்பது அறிவு. அதைக் கைகளுக்குக் கற்றுக் கொடுப்பது கல்வி. நைந்ததைத் தைத்து உடுத்துபவன் தலை குனிய வேண்டியதில்லை. ஆனால் சமமாகப் பகிரப்படும் சிக்கனமே அறமாகும். இல்லாதவனிடம் மட்டும் கேட்கப்படும் சிக்கனம், கூலிக் குறைப்பின் மறுபெயர்.

இளைஞர்களே! ஊசியும் நூலும் எடுங்கள், ஆண்களும் எடுங்கள். உங்கள் சட்டையின் கிழிசலை நீங்களே தையுங்கள். எவரேனும் மேடையேறி ஏழையை நோக்கிச் சிக்கனம் பேசினால், பணிவோடு ஒரு கேள்வி கேளுங்கள்: "ஐயா, தங்கள் அலமாரியிலே எத்தனை?"