பழைய கிட்டார் வாங்கப் போனால் நெக்கைப் பாருங்கள்

சேலம், நாமக்கல் பக்கம் ஒரு பழைய அக்கூஸ்டிக் கிட்டார் விலைக்கு வந்தால், விற்பவர் எடுத்த எடுப்பில் சொல்வது அதன் வயதை. முப்பது வருஷத்து மரம், இனி இப்படி வராது என்பார். அந்த வயதுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்க வேண்டியதில்லை. இந்தச் சமவெளியில் கைமாறும் பழைய கிட்டார்களில் பெரும்பாலானவை கொல்கத்தாவில் செய்த கிவ்ஸன், கிப்டோன் வகையறா. 1991க்கு முன் வெளிநாட்டு இசைக்கருவி எளிதில் உள்ளே வராத காலத்தில் சர்ச் பாடகர் குழுவுக்கும் ஊர் மெல்லிசைக் குழுவுக்கும் வந்து சேர்ந்தவை இவைதான். அபூர்வமாக, சிங்கப்பூரிலிருந்தோ வளைகுடாவிலிருந்தோ திரும்பியவர் கொண்டுவந்த யமஹா எஃப்ஜி ஒன்று பரண்மேல் கிடக்கும். இரண்டுக்கும் பொதுவான அம்சம், பெரும்பாலும் உடம்பு பிளைவுட். வாங்குபவர் முகம் சுளிக்கும் இடமும் அதுவே. ஆனால் இந்த ஊர் வெயிலுக்கு அந்தப் பிளைவுட் உடம்புதான் சரியான தேர்வு. தேறுமா தேறாதா என்பதைத் தீர்மானிப்பது உடம்பல்ல, நெக் பாடியோடு சேரும் கோணம்.

ஆறு கம்பியையும் சுருதி சேர்த்து முறுக்கினால், 12 நம்பர் செட் எழுபது கிலோவுக்கு மேல் இழுக்கும். வருஷக்கணக்கில் அந்த இழுப்பைத் தாங்கிய நெக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னால் சாய்கிறது, பிரிட்ஜுக்குப் பின்னால் பலகை உப்புகிறது, கம்பி ஃப்ரெட்டை விட்டு மேலே போகிறது. பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் தடித்த கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் இடையே இரண்டரை மில்லிமீட்டர் இருந்தால் வாசிக்கச் சுகம். ஐந்து இருந்தால் எஃப் கார்டு பிடிக்கும்போது விரல் நுனி கொப்புளிக்கும். கிட்டார் கற்க ஆரம்பித்து மூன்றே மாதத்தில் விட்டுவிடும் பிள்ளைகளில் பலருக்கு ஆர்வம் குறையவில்லை. கையிலிருந்த கிட்டாரின் கம்பிதான் எட்டவில்லை. வாங்கும் இடத்திலேயே இதைச் சோதிக்க ஓர் இரும்பு ஸ்கேல் போதும். ஃப்ரெட்டுகளின் மேல் நீளவாக்கில் வைத்து பிரிட்ஜ் வரை தள்ளுங்கள். ஸ்கேலின் முனை பிரிட்ஜின் மேல்விளிம்பை ஒட்டி வந்தால் நெக் பிழைத்தது. பிரிட்ஜின் முகத்தில் போய் முட்டினால் சாய்ந்துவிட்டது. அடுத்து, பிரிட்ஜின் மேல் கம்பியைத் தாங்கும் சேடிலைப் பாருங்கள். பன்னிரண்டாவது ஃப்ரெட்டில் ஒரு மில்லிமீட்டர் இறக்க, சேடிலில் இரண்டு மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும். ஏற்கெனவே தேய்த்துத் தேய்த்து சேடில் பிரிட்ஜோடு மட்டமாகிவிட்டது, அப்படியும் கம்பி உயரமாகவே நிற்கிறது என்றால் அங்கே பேரம் பேசக்கூட வேண்டாம். வால்பகுதியில் உலோகத் தகடு வைத்து கம்பி கட்டிய மாடல்களில் பிரிட்ஜைத் திருகி ஏற்றி இறக்கலாம். அடிமட்டம் வரை இறக்கியும் உயரம் குறையாவிட்டால் அதுவும் அதே கதைதான். சில மலிவு மாடல்களில் மட்டும் ஒரு நல்வாய்ப்பு உண்டு. நெக் பசையில் நிற்காமல் ஸ்க்ரூவில் நிற்கும். ஸ்க்ரூவைக் கழற்றி, மெல்லிய மர ஆப்பு ஒன்றை அடியில் வைத்து மறுபடி முடுக்கினால் கோணம் திரும்பிவிடும்.

இனி பிளைவுட். பிளைவுட் செத்த மரம், சாலிட் ஸ்ப்ரூஸ் பலகைதான் வயதாக வயதாகத் திறந்துகொண்டு பாடும் என்பது கிட்டார்காரர்களின் வேதவாக்கு. நல்ல சாலிட் பலகைக்குக் கூடுதல் நாதம் உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தப் பலகை எதிர்பார்ப்பது 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம் உள்ள அறையை. ஏற்காட்டு வீடொன்றில் 20 டிகிரியில் 80 விழுக்காடு ஈரத்தோடு இருக்கும் காற்றை எடுத்து, ஒரு சொட்டு நீர்கூடச் சேர்க்காமல் 35 டிகிரிக்குச் சூடாக்கினால் அதன் ஈரப்பதம் 33 விழுக்காட்டுக்கு விழுந்துவிடும். மலையிலிருந்து கிட்டாரைப் பஸ்ஸில் இறக்கி சேலம் அஸ்தம்பட்டி வீட்டுச் சுவரில் மாட்டுவது என்றால் இதுதான் அர்த்தம். மார்ச் மாதப் பிற்பகலில் இந்தச் சமவெளிக் காற்று 40க்குக் கீழே இறங்குவது வழக்கம். ஐப்பசி மழையில் 70ஐத் தாண்டும். சாலிட் பலகை கோடையில் சுருங்கிக் குழிகிறது, நரம்போட்டத்தை ஒட்டி வெடிக்கிறது. மழைக்காலத்தில் உப்பிக் கம்பியைத் தூக்குகிறது. பிளைவுட்டில் அடுக்குக்கு அடுக்கு நரம்போட்டம் குறுக்கே ஓடுவதால் ஒன்றை ஒன்று பிடித்துக்கொள்ளும். அதற்காக அது வெயிலையே உணராது என்றில்லை. ஃப்ரெட்போர்டு பெரும்பாலான கிட்டார்களில் தனி மரந்தான். அது சுருங்கும்போது ஃப்ரெட் முனைகள் ஓரத்தில் துருத்திக்கொண்டு கையைக் கீறும். அதை அரத்தால் தேய்த்துவிடலாம். வெடித்த பலகையை அப்படிச் சரிசெய்ய முடியாது.

பிளைவுட் பாடாது என்பவர்களுக்கு ஜப்பானிலிருந்தே பதில் இருக்கிறது. யமஹா 1966இல் வெளியிட்ட எஃப்ஜி-150, எஃப்ஜி-180 இரண்டும் பிளைவுட் கிட்டார்கள். சிவப்பு லேபிள் ஒட்டிய அந்தப் பழைய எஃப்ஜிகளை இன்றும் உலகம் முழுக்கத் தேடி வாங்குகிறார்கள். 1969 உட்ஸ்டாக் மேடையில் கன்ட்ரி ஜோ மெக்டொனால்ட் தனியாக நின்று பாடியபோது கையிலிருந்தது எஃப்ஜி-150தான். நாதத்தைத் தருவது பலகை எவ்வளவு மெல்லியது, உள்ளே ஒட்டிய தாங்குகட்டைகள் எவ்வளவு லேசு என்பதும்கூட. கொல்கத்தா கிட்டார்கள் அந்த நேர்த்தியோடு செய்தவை என்று சொல்ல மாட்டேன். பல கட்டைகள் கனம், பல கீகள் வழுக்கும். ஆனால் மூடிய ஜன்னலும் ஏசியும் இல்லாத ராசிபுரத்து ஓட்டு வீட்டில் பத்து வருஷம் வெடிக்காமல் இருப்பதும் ஒரு தகுதிதான்.

மரத்தின் பெயரைச் சொல்லி விலையேற்றுவது இன்னொரு வித்தை. ஃப்ரெட்போர்டு ரோஸ்வுட், அதாவது ஈட்டி மரம் என்பார்கள். முதல் மூன்று ஃப்ரெட்டுகளுக்கு நடுவே, விரல் அதிகம் பட்ட இடத்தைப் பாருங்கள். அங்கே கறுப்பு தேய்ந்து வெளிறிய மரம் தெரிந்தால் அது சாயம் பூசிய வேறு மரம். சாயம் பூசியது குற்றமில்லை, வாசிப்புக்கும் கெடுதல் இல்லை. ஈட்டிக்கான விலையைக் கேட்பதுதான் குற்றம்.

அப்படியானால் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாமே என்று கேட்டால், பல பேருக்கு அதுவே சரி. யமஹாவின் சென்னைத் தொழிற்சாலையிலிருந்து வரும் எஃப்280 பத்தாயிரம் ரூபாயை ஒட்டிய விலையில் நேரான நெக்கோடு கிடைக்கும்போது, நெக் சாய்ந்த பழசை ஆறாயிரத்துக்கு வாங்கி நாலாயிரம் செலவழிப்பது வீண். பழசுக்குக் கொடுக்கும் விலையும் வேலைக்கூலியும் சேர்ந்து புதியதன் விலையில் பாதியைத் தாண்டக் கூடாது. வீட்டிலேயே கிடக்கும் அப்பாவின் கிட்டார் என்றால் விலை இல்லை, கூலி மட்டுந்தான். கணக்கு உடனே மாறிவிடுகிறது.

அந்தக் கூலியை எதில் போடுவது என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். முதல் வேலையாக வார்னிஷைச் சுரண்டி, தேய்த்து, புதுப் பூச்சு அடிப்பார்கள். பார்க்கப் பளபளக்கும், கனத்த பூச்சு ஏறிய பலகை அதிர்வைக் கொஞ்சம் விழுங்கும், கம்பி இருந்த உயரத்திலேயே இருக்கும். பணம் போக வேண்டிய இடம் நட், சேடில், ஃப்ரெட். பழைய பிளாஸ்டிக் நட்டை எடுத்துவிட்டு எலும்பில் ஒன்று அறுத்து வைத்தால், சுருதி பிடிக்கும்போது கம்பி சிக்கித் துள்ளுவது நிற்கும். பள்ளம் விழுந்த ஃப்ரெட்டுகளை மட்டமாக்கி மேல்வளைவு எடுக்க வேண்டும். வீணைக்கு மேளம் கட்டுவதை, அதாவது மெட்டுகளை மறுபடி பதிப்பதை, யாரும் பழுது என்று சொல்வதில்லை, சில வருஷத்துக்கொரு முறை செய்தாக வேண்டிய பராமரிப்பு என்கிறார்கள். கிட்டாரின் ஃப்ரெட்டும் அப்படியே. பிரிட்ஜ் தூக்கியிருக்கிறதா என்று அடியில் ஒரு காகிதத்தை நுழைத்துப் பாருங்கள். உள்ளே போனால் முழுவதும் கழற்றி, பழைய பசையைச் சுத்தமாக எடுத்து, மறுபடி ஒட்ட வேண்டும். நாமக்கல்லில் லாரி பாடி கட்டும் பட்டறைகளின் தச்சர்கள் கைதேர்ந்தவர்கள், ஆனாலும் இந்த இடத்தில் ஸ்க்ரூ அடிக்கச் சொல்லாதீர்கள். இடைவெளியில் வெள்ளைப் பசையை ஊற்றி அமுக்குவதும் கூடாது. காய்ந்த பசைமேல் அது பிடிக்காது, விடாத இழுப்பில் மெல்ல நகரும். தச்சர்கள் முன்பு பயன்படுத்திய வஜ்ஜிரப் பசை இதற்கு இன்னும் நல்லது. இறுகினால் நகராது, பிறகு தேவைப்பட்டால் சூடும் ஈரமும் கொடுத்துத் திறக்கலாம். கோடைச் சூடும் பசைக்கு எதிரி. மே மாத வெயிலில் மூடி நிறுத்திய காருக்குள் சூடு 60 டிகிரியைத் தொடும். பல பசைகள் அந்தச் சூட்டில் இளகத் தொடங்கும். டிக்கியில் கிட்டாரை வைத்துவிட்டுக் கல்யாணச் சாப்பாட்டுக்குப் போய் வந்தால் பிரிட்ஜ் தனியாகக் கிடக்கலாம்.

வழுக்கும் கீகளை மாற்றத் தயங்க வேண்டாம். கொல்கத்தா கிட்டார்களைச் சேகரிப்பவர் அநேகமாக இல்லை, ஆகவே அசல் பாகம் போய்விட்டதே என்ற இழப்பும் இல்லை. தலைப்பலகையில் மார்ட்டின் என்றோ கிப்ஸன் என்றோ எழுதியிருந்தால் மட்டும் சட்டம் வேறு. கிவ்ஸனுக்கும் கிப்ஸனுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம், கண்ணாடி போட்டுக்கொண்டே படியுங்கள். உண்மையிலேயே கிப்ஸன் என்றால் துடைக்கக்கூட வேண்டாம். கம்பியைத் தளர்த்தி, பெட்டியில் வைத்து, நெக் கழற்றிப் பூட்டுவதையே தொழிலாகச் செய்பவரிடம் சென்னைக்கோ பெங்களூருக்கோ கொண்டுபோங்கள். மற்றவற்றுக்கு 10 நம்பர் மெல்லிய கம்பி போட்டு, அரை சுருதி இறக்கிக் கட்டுங்கள். அரை சுருதி இறக்கினாலே இழுப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறைகிறது. கூடப் பாடுபவருக்குப் பழைய சுருதியே வேண்டுமென்றால் முதல் ஃப்ரெட்டில் ஒரு கேப்போ மாட்டிக்கொள்ளலாம்.