பிளாக் மெட்டல் பாணிகளும் டிரம்ஸின் நேர்மையும்

இப்போது வந்துகொண்டிருக்கும் பிளாக் மெட்டல் ஆல்பங்கள் எந்தெந்தப் பாணியின் வழி வருகின்றன, தரம் எப்படி நிற்கிறது என்று எழுதித் தரும்படி நம் மன்ற மலரின் குழுவினர் பணித்தார்கள். வெனம், பாதரி என்று ஆதியிலிருந்து தொடங்க வேண்டிய அவசியம் இந்த மலரின் வாசகர்களுக்கு இல்லை. 1990களின் தொடக்கத்தில் நார்வேயில் நடந்த தேவாலய எரிப்புகளும் கொலைகளும் குற்றங்கள். அவற்றை வீரமாகப் பேசுவதில்லை என்பது நம் மூத்தவர்கள் வகுத்த நெறி. அதன்படி இசையை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பாணிகளை நகர்வாரியாகப் பிரித்துப் பேசுவது நம் வழக்கம்: மன்றத்தில் நார்வேயின் கொல்பொட்ன் பக்தர்கள் உண்டு, ஏதென்ஸ் பக்தர்கள் உண்டு. நாங்கள் சிலர் பெர்கன் வழி. எங்களைக் கேட்கப் பழக்கியவர் நம் மூத்த உறுப்பினர் ஒருவர். பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். எந்த ஆல்பமானாலும் முதல் தடவை டிரம்ஸை மட்டும் கேட்கச் சொல்வார். கிட்டாரைப் பற்றி வாய் திறந்தால் கையை உயர்த்தி நிறுத்துவார். அவர் எங்களுக்கு வைத்த முதல் பாடம் மேஹெம் குழுவின் 'டி மிஸ்டரீஸ் டாம் சத்தானாஸ்', 1994.

அது பதிவான கிரீக்ஹாலன், பெர்கன் நகரின் சிம்பனி அரங்கம். பிட்டன் என்று எல்லோரும் அழைக்கும் எய்ரிக் ஹுண்ட்வின் அன்று அங்கே ஒலிப்பதிவாளர். மேஹெமின் டிரம்மர் ஹெல்ஹாமரின் ஸ்னேர் அடி விழுந்ததும் பின்னாலிருந்து ஓர் இடம் பதில் சொல்வதைக் கேட்கலாம். டபுள் பேஸ் வேகமெடுக்கும்போது அந்தப் பதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி, கிட்டாருக்கு அடியில் இருண்ட தளமொன்றைப் போட்டுவிடுகின்றன. அந்தத் தளத்தின் மேல்தான் ஹங்கேரியக்காரர் ஆட்டிலா சிஹார் தம் விசித்திரக் குரலால் நடமாடுகிறார். இம்மார்ட்டலின் 'ப்யூர் ஹோலோகாஸ்ட்' (1993), எம்பெரரின் 'இன் தி நைட்சைட் எக்லிப்ஸ்' (1994) இரண்டும் அங்கே பிட்டன் கையில் உருவானவைதான். எம்பெரர் கீபோர்டைத் திரைபோல விரித்தும் டிரம்ஸ் மூழ்கவில்லை. இதைத்தான் எங்கள் ஆசான் 'இடம் தெரிகிற பதிவு' என்பார். பெர்கன் வழிப் பற்று என்று யாரும் சொல்லட்டும். இதற்கு மேலான ஓர் அளவுகோலை நான் இன்றுவரை கேட்டதில்லை.

டார்க்த்ரோனின் கொல்பொட்ன் வழி இதற்கு நேர் எதிர்த் திசையில் சென்றும் அதே இடத்துக்கு வந்து சேர்ந்தது. அந்தக் குழுவின் 'டிரான்சில்வேனியன் ஹங்கர்' (1994) ஆல்பத்துக்கு ஃபென்ரிஸ் ஒருவரே கிட்டார், பேஸ், டிரம்ஸ் மூன்றையும் நான்கு டிராக் கருவியில் பதிந்தார். நாக்டர்னோ குல்ட்டோவின் குரல் பிறகு சேர்ந்தது. ஆல்பம் முழுக்க டிரம்ஸ் அநேகமாக ஒரே நடைதான். ஆனாலும் அந்த நடைக்குள் ஒரு மனிதரின் மணிக்கட்டு அசைகிறது. மயிரிழை முந்துகிறது, பிந்துகிறது, மறுபடி தாளத்தைப் பிடித்துக்கொள்கிறது. மனம் சொக்குவது அந்த மயிரிழையில்தான்.

மற்றப் பாணிகளைச் சுருக்கமாகவே சொல்ல முடிகிறது. ஸ்வீடனின் டிசெக்‌ஷன் மெலடியைக் கொண்டுவந்தது. ஏதென்ஸ்காரர்கள் வேகத்தைக் குறைத்து ரிஃபுக்குக் கனம் கொடுத்தார்கள். உக்ரைனின் ட்ருட்க் தன் நாட்டுக் கவிதைகளைப் பாடியது. சிங்கப்பூரில் 1992-இல் தொடங்கிய ருத்ரா, வேதாந்தத்தையும் சமஸ்கிருத சுலோகங்களையும் இந்த இசைக்குள் கொண்டுவந்த குழு. நம்மவர்கள் என்ற உரிமையோடு அவர்களைப் பற்றி அடுத்த மலரில் தனிக் கட்டுரை கேட்கிறேன். பிரான்சின் அல்செஸ்ட் 2007-இல் 'சுவனிர் தன் ஓத்ர் மோந்த்' வழியே வெளிச்சத்தின் பக்கம் திரும்பியது. அதை ஏற்காத மூத்தவர்கள் இன்னும் உண்டு. அவர்கள் மனம் நோக எதுவும் எழுத மாட்டேன். ஆனால் 2024-இல் வந்த அல்செஸ்டின் 'லே ஷான் த லோரோர்' ஆல்பத்தை ஒருமுறையாவது இருட்டு அறையில் கேட்டுப் பார்க்கும்படி அவர்களைப் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

அதே ஆண்டில் டார்க்த்ரோன் 'இட் பெக்கன்ஸ் அஸ் ஆல்' வெளியிட்டது. நடை தளர்ந்து ஹெவி மெட்டலின் பக்கம் சாய்ந்தாலும் டிரம்ஸில் அதே மணிக்கட்டு. மொன்ட்ரியாலின் ஸ்பெக்ட்ரல் வூண்ட் தந்த 'சாங்ஸ் ஆஃப் ப்ளட் அண்ட் மயர்' நம் இளைஞர்களுக்கு நான் முதலில் கொடுக்கும் புது ஆல்பம். இவ்வளவு வேகத்திலும் பாட்டு பாட்டாகவே நிற்கிறது. சுவிட்சர்லாந்தின் பேய்சாஜ் திவேர், வின்டர்ஹெர் என்ற ஒருவரின் ஓயாத பனி நடை. அந்த நடையில் வந்த 'டி பெர்கெ'யில் இரைச்சலே மலைக்காற்றாகிறது.

இனிச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். யாரையும் மனத்தில் வைத்து எழுதவில்லை. இன்று வாசிப்பவர்களின் உழைப்பிலும் பயிற்சியிலும் எனக்கு மதிப்பு உண்டு. பலர் முன்னோர்களைவிடத் திறமைசாலிகள். ஆனால் டிரம்ஸுக்கு என்ன நடக்கிறது? தோலில் ட்ரிகரை ஒட்டுகிறார்கள். அடி விழும்போது சேமித்து வைத்த வேறோர் ஓசை எழுகிறது. எங்கோ, எவரோ, என்றோ அடித்த ஓசை! அதன் பிறகு கணினித் திரையில் ஒவ்வோர் அடியையும் நகர்த்திக் கட்டத்துக்குள் உட்கார வைக்கிறார்கள். வாசித்தவர் மெல்ல அடித்தாரா, ஓங்கி அடித்தாரா, நான்காவது நிமிடத்தில் களைத்தாரா எதுவும் மிஞ்சுவதில்லை. காலப்பிரமாணம் என்பது கட்டத்தில் உட்காருவது அல்ல, ஆள் பிடித்துக்கொண்டிருப்பது. ஓஸ்லோவில் பதிந்ததும் ஓஹியோவில் பதிந்ததும் ஒரே ஸ்னேரோடு வந்தால் பாணி என்று எதைச் சொல்வது? ஏதென்ஸ் எங்கே, பெர்கன் எங்கே? நாம் நகர்வாரியாகப் பிரித்துப் பேசி வளர்ந்த பரம்பரைகள் ஒரே கோப்புறையிலிருந்து எடுத்த ஓசைகளுக்குள் கரைந்துகொண்டிருக்கின்றன. இது இப்படியே போனால் இன்னும் ஒரு தலைமுறைக்குப் பிறகு இந்த மலருக்குப் பாணிகள் பற்றிக் கட்டுரை கேட்கவே இடமிருக்காது. காது கெட்டுப்போன கேட்பவன் நல்ல பதிவைக் கேட்டு அழுக்கு என்கிறான். அந்தப் பேச்சை நம் கூட்டத்திலேயே கேட்க நேர்ந்த வருத்தத்தை நான் யாரிடம் சொல்வது?

இயந்திரமே கூடாது என்று நான் வாதிடுவதாக எண்ண வேண்டாம். மிஸ்டிகம் 1996-இல் 'இன் தி ஸ்ட்ரீம்ஸ் ஆஃப் இன்ஃபெர்னோ'வில் டிரம் மெஷினை மறைக்காமல் முன்னால் நிறுத்தியது. அதன் குளிரே அந்த ஆல்பத்தின் அழகு. மனிதர் வாசித்ததை எடுத்து அதிலிருந்து மனிதரை நீக்குவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மன்றம் ஆண்டுதோறும் தயாரிக்கும் பரிந்துரைப் பட்டியலில், டிரம்ஸ் எங்கே பதிவானது, ட்ரிகர் உண்டா என்ற விவரத்தையும், தெரிந்த அளவில், ஆல்பத்தின் பெயருக்குப் பக்கத்திலேயே அச்சிட வேண்டும். வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவருகிறோம். எங்கள் ஆசான் முன்மொழிய இசைந்திருக்கிறார். வழிமொழிய ஏதென்ஸ் பக்கத்திலிருந்து ஒருவர் முன்வந்தால் மகிழ்வேன்.