வில்லும் வலுவும்

"வாப்பா, வில்லுக்காரனுக்குப் பலம் தேவல்ல, சுறுசுறுப்பு இருந்தாப் போதும்" என்றான் மகன். பல்டர்ஸ் கேட் 3 (2023) என்ற கம்பியூட்டர் கேமில் அவனுடைய வீரனுக்குப் பலம் வெறும் 8. சாமான்ய மனிதனுக்கே 10. அந்த நோஞ்சான்தான் நெடுவில்லால் பூதங்களைச் சாய்த்துக்கொண்டிருந்தான்.

எனக்கு இது உறுத்தியது. 1545இல் மூழ்கி 1982இல் மேலே கொண்டுவரப்பட்ட மேரி ரோஸ் என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலில் நூற்றுக்கு மேற்பட்ட நெடுவிற்கள் கிடைத்தன. அவற்றை முழுதாக இழுக்க 100 இராத்தலுக்கு மேல் விசை வேண்டும் என்பது ஆய்வாளர் கணிப்பு. நம்ம நோஞ்சான் பாதிகூட இழுத்திருக்க மாட்டான்.

அதற்காக, பலசாலியின் அம்பு எப்போதும் ஆழப் பாயும் என்பதும் பிழை. அம்பைத் தள்ளுவது வில். அதை முழுதாக இழுக்க முடிந்தவனுக்கு மிச்சப் பலத்தால் பெரிய பிரயோசனமில்லை. அவனுக்கு இன்னும் இறுக்கமான வில்தான் வேண்டும். மோரோவிண்ட் (2002) இதைக் கவனிக்கவில்லை. அதே வில், அதே அம்பு. பலம் 50இலிருந்து 100 ஆனால் சேதம் ஒன்றரை மடங்காகிறது! டார்க் சோல்ஸில் (2011) டிராகன் கொல்லும் பெருவில்லைச் சரியாகக் கையாளப் பலமும் 20, திறமையும் 20 இருக்க வேண்டும். அது பரவாயில்லை. என் பார்வையில் ஆகச் சரியாகச் செய்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 2000ஆம் ஆண்டு மூன்றாம் பதிப்பு: ஒட்டுவில்லை இன்ன பலத்துக்கென்று அளந்து செய்விக்க வேண்டும், அந்த அளவுக்கு மேல் எவ்வளவு பலமிருந்தாலும் சேதம் கூடாது. பிந்திய ஐந்தாம் பதிப்பு அதைக் கைவிட்டது. மகன் விளையாடுவது அதன் வழிவந்ததைத்தான். விதி இலகுவானது உண்மை. வில் வெறும் குறிபார்க்கும் சாமானாகிப் போனதும் உண்மை.

அல் அன்பால் அத்தியாயத்தின் 60ஆம் வசனம் 'குவ்வத்'தை, அதாவது பலத்தைத் தயார் செய்யச் சொல்கிறது. அந்தப் பலம் எய்வதே என நபி (ஸல்) அவர்கள் மூன்று முறை விளக்கியதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. பலத்தையும் எய்தலையும் வேறுவேறாகப் பிரிக்கும் ஒரு விதியோடு எனக்கு ஒத்துப்போக முடியாததற்கு இதுவும் ஒரு காரணம்.

இதையெல்லாம் மகனிடம் சொன்னேன். "அப்ப டைட்டன்ஸ்ட்ரிங் வில் ஈக்கிதானே வாப்பா, அது பலத்தையும் சேத்துக் கணக்கெடுக்கும்" என்றவன், அந்த வில்லை மாட்டி, வீரனுக்கு ஒரு குப்பி மருந்தைக் குடிக்கக் கொடுத்தான். பலம் 21 ஆனது.