துளியின் மகுடமும் கழித்த படங்களும்

விழுகின்ற நீர்த்துளியைப் படம் பிடிப்பது இன்று வீட்டுக் கலையாகிவிட்டது. அகன்றதொரு தட்டில் நீர், அதற்கு மேலே ஒரு முழ உயரத்தில் நோயாளிகளுக்குக் குளுக்கோஸ் ஏற்றுகின்ற குழாய், பின்புறம் வண்ணத்தாள், பக்கத்தில் பிளாஷ் விளக்கு, முன்னே காமிரா: தளவாடம் இவ்வளவே. துளி விழும் இடத்தில் ஒரு பென்சிலை நிறுத்தி, காமிராவை அதற்கு நேராகத் தெளிவுபடுத்திக்கொண்டு, பிறகு பென்சிலை எடுத்துவிடுகிறார்கள். அறையை இருட்டாக்கிவிட்டால் துளியை நிறுத்திப் பிடிப்பது ஷட்டர் அன்று, விளக்குத்தான். விளக்கின் வலுவைக் குறைக்கக் குறைக்க அது ஒளிரும் நேரமும் சுருங்கி, நொடியில் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்குகிறது. அச்சிறு பொழுதில் நீர் எழுப்பிய மகுடம் படத்தில் நின்றுவிடுகிறது.

நம் தங்கை மகன் சென்ற விடுமுறையில் இவ்விதம் எடுத்த படங்களில் எட்டினை நம்முன் பரப்பினான். எட்டும் எழில் வாய்ந்தவை என்பதில் ஐயமில்லை. முதல் துளி வீழ்ந்த குழியின் நடுவிலிருந்து நீர் தூணாக எழ, அத்தூணின் தலையில் இரண்டாம் துளி மோதிக் குடையாய் விரிந்த படத்தைக் கீழே வைக்க நமக்கு மனம் வரவில்லை. ஆயினும் எட்டையும் பார்த்து முடித்தபோது ஒன்றையே எட்டு முறை பார்த்தாற்போன்ற சலிப்புத் தட்டிற்று. மொத்தம் எத்தனை எடுத்தாய் என்று வினவினோம்.

“முந்நூறுக்கு மேலே இருக்கும் மாமு. மற்றதெல்லாம் கெட்டுப்போன படம்” என்றான்.

அந்தக் ‘கெட்டுப்போன’ என்ற சொல்லோடுதான் நமக்கு வழக்கு.

இத்துறையின் முன்னோடி ஆர்தர் வொர்த்திங்டன் (1852-1916) என்னும் ஆங்கிலேயப் பௌதிக ஆசிரியர். நீர்த்தூணுக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது. புகையூட்டிய கண்ணாடியில் சிந்திய மைத்துளிகளின் வடுவைப் பள்ளி மாணவர் ஒருவர் கண்டு கூறியதே அவரது ஆய்வுக்கு வித்து. 1870களில் இருட்டறையில் துளியை விழச்செய்து, குறித்த கணத்தில் ஒரு மின்பொறியைத் தெறிக்கவிட்டு, கண்ணில் தங்கிய உருவைத் தாளில் வரைந்தார். அடுத்த துளிக்குப் பொறியைச் சற்றே தாமதப்படுத்தினார். இவ்வாறு ஆண்டுக்கணக்கில் அவர் வரைந்தவற்றில் கதிர்கள் பிசகாமல் சுற்றிலும் நிற்கும் மகுடங்களே மிகுதி. 1894இல் மின்பொறியைக் கொண்டே நிழற்படம் எடுக்க வழி பிறந்தது. படத்தில் கண்ட துளிகளோ ஒருபுறம் சரிந்தும் மறுபுறம் குறைந்தும் இருந்தன. ஒழுங்கற்றவற்றையும் தாம் முன்பே கண்டிருந்தும் அவற்றைத் தற்செயல் பிழை என்று ஒதுக்கி, மனம் விரும்பிய நிறைவான துளியையே தேர்ந்ததை அவர் மறைக்கவில்லை. 1908இல் அவர் வெளியிட்ட நூலில் 197 படங்கள் உள்ளன.

கண் செய்யும் இவ்வித மோசத்தை இப்னுல் ஹைதம் பதினொன்றாம் நூற்றாண்டிலேயே ஆராய்ந்திருக்கிறார். ‘கிதாபுல் மனாழிர்’ ஏழு பாகங்களில் மூன்றாவது பார்வையின் பிழைகளைப் பற்றியது. காட்சி பழுதின்றி அமைய அவர் வகுத்த நிபந்தனைகளில் ஒன்று காலம். பார்க்கக் கிடைத்த பொழுது அளவுக்குக் குறைந்தால் கண் தவறும். முன்பே அறிந்ததைக் கொண்டு மனம் முடிவு கட்டுவதிலும் பிழை நேரும். வொர்த்திங்டனுக்கு நேர்ந்ததும் இதுவே.

நமக்கும் நேர்ந்தது. பழைய அரபுத்தமிழ் ஏடொன்றைப் படியெடுத்தபோது ஓரடியில் சீர் இடறுவதாகத் தோன்ற, நாமே ஒரு சொல்லை இட்டு நிரப்பி, அதையே பல்லாண்டுகள் மாணவர்க்கு ஓதியும் கொடுத்தோம். பின்னொருநாள் ஏட்டை மீண்டும் பிரித்தபோது அங்கே வேறொரு சொல் தெளிவாகவே இருந்தது. நாம் அறியாத சொல். அதனால் நம் கண்ணில் படாத சொல்.

விந்தை யாதெனில், வொர்த்திங்டனைத் திருத்திய அதே காமிராவைக் கொண்டு நம் வீட்டுக் கலைஞர்கள் அவருடைய பழைய பிழைக்கே திரும்புகிறார்கள். துளிகளின் இடைவெளியை மில்லிநொடிக் கணக்கில் அளந்துவிடும் மின்கருவியும் வந்தாயிற்று. அப்பால் எடுத்த நூற்றில் வட்டமானதை வைத்துக்கொண்டு மற்றவற்றை அழித்துவிடுகிறார்கள். அமெரிக்கப் பொறியியல் பேராசிரியர் ஹரால்டு எட்ஜெர்ட்டன் 1957இல் எடுத்த பால்துளி மகுடமே இவர்களுக்கு இலக்கணம். சிவந்த பரப்பின்மேல் வெண்மகுடமாக நிற்கும் அப்படத்தை ஊன்றிப் பார்த்தால், கதிர்களின் முனையிலுள்ள மணிகள் ஒரே அளவினவாக இல்லை. சிலவற்றில் கழுத்து மெலிந்து, மணி அறுந்து போகும் தறுவாயில் நிற்கிறது. நம் கண்ணை அங்கே நிறுத்துவது அந்த ஏற்றத்தாழ்வே. பின்பற்றியவர்கள் வட்டத்தை எடுத்துக்கொண்டு அதை விட்டுவிட்டார்கள்.

தங்கை மகனை வற்புறுத்திக் கழித்தவற்றையும் காட்டச் செய்தோம். நல்லவேளையாக அவற்றை அவன் இன்னும் அழிக்கவில்லை. ஒன்றில் விளக்கு முந்திவிட்டதால் துளி நீரைத் தொடவில்லை. கீழே தன் நிழலை நோக்கி நிற்கிறது. நாம் சித்திரங்களில் தீட்டும் கூரிய வால் அதற்கில்லை. கோலிக்குண்டு போல் உருண்டையாகவே இருக்கிறது. இன்னொன்றில் மகுடம் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கிறது. முந்தைய துளியின் அலை அடங்கும் முன்பே அடுத்ததை விட்டதன் விளைவென்று அவனே ஆராய்ந்து சொன்னான். மூன்றாவதில் மெல்லிய நீர்ச்சுவர் ஈரத்துணி போல் கிழிகிறது. அந்த எட்டில் ஒன்றுகூட இவ்வளவு பேசவில்லை.

இத்தகைய பன்னிரண்டைப் பொறுக்கி, எடுத்த வரிசையிலேயே ஓர் ஏட்டில் ஒட்டித் தருமாறு கேட்டிருக்கிறோம். “இதைப்போய் யாரிடம் காட்டுவீர்கள்?” என்று சிரித்தாலும், வெள்ளிக்கிழமைக்குள் தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறான்.