கபுறின் மீது ஆட்டமா?

ஏற்காட்டு மலையின் அடிவாரத்தில் நம்மிடம் அரபி பயில வரும் இளைஞர் ஒருவர், ஓர் ஆவணத் தொடரைக் கைபேசியில் காட்டி நம் கருத்தைக் கேட்டார். பாட்ரிக் கிரஹாம் இயக்கத்தில் 2023 ஏப்ரலில் அமேசான் பிரைமில் வெளியான 'டான்சிங் ஆன் தி கிரேவ்' என்னும் அத்தொடர் நான்கு பகுதிகளைக் கொண்டது. மைசூர் திவானாயிருந்த சர் மிர்ஸா இஸ்மாயீல் அவர்களின் மகள் வழிப் பேத்தி ஷாகிரா கலீலி பெங்களூரில் கொலையுண்ட வரலாறே அதன் பொருள்.

அம்மையார் 1947இல் சென்னையில் பிறந்தவர். தூதராகப் பணியாற்றிய அக்பர் கலீலியை மணந்து நான்கு பெண்மக்களைப் பெற்றார். மணவிலக்கிற்குப் பின் 1986இல், சுவாமி சிரத்தானந்தா என்று அறியப்பட்ட முரளி மனோகர் மிஸ்ராவை மணந்தார். 1991 ஏப்ரல் இறுதியில் காணாமற் போனார். தாயைத் தேடிய மகளுக்கு அவன் நாளொரு பொய் சொன்னான். மகளோ விடவில்லை, காவல்துறையிடம் முறையிட்டார். 1994 மார்ச்சில் ரிச்மண்டு சாலையில் அம்மையாரின் சொந்த வீட்டு வளாகத்திலிருந்தே உடல் தோண்டி எடுக்கப்பட்டது. மயக்க மருந்து கொடுத்து, மரப்பெட்டியில் வைத்துப் புதைத்திருந்தான். குளிப்பாட்டல் இல்லை, கபன் இல்லை, ஜனாஸாத் தொழுகை இல்லை. ஏறத்தாழ மூன்றாண்டுகள் அப்படியே கிடந்தார்.

புதைத்த இடத்தின் மீது அவன் விருந்து வைத்து ஆடினான் என்று பரவிய செய்தியிலிருந்து பிறந்தது தலைப்பு. நமக்கு அது உவப்பாயில்லை. கபுறு அவருடையது, ஆட்டம் அவனுடையது. தலைப்பிலேயே அம்மையார் பின்னுக்குப் போய்விட்டார். கொலைகாரனைச் சிறையிலிருந்து பேச வைத்து, தான் கொல்லவில்லை என்று அவன் சொல்லவும் தொடர் இடமளிக்கிறது. மரண தண்டனையை மாற்றி, சாகும்வரை விடுதலையில்லை என்று 2008இல் உச்ச நீதிமன்றம் முடிவு கூறிய வழக்கு இது. குற்றவாளி பேசலாம், ஆயினும் இறந்தவரால் மறுமொழி கூற இயலாதே!

நாம் விரிவாகக் காண விரும்பியது வேறொன்று. மனைவியின் சொத்து மனைவிக்கே உரியது என்பது நம் ஷரீஅத். ஆயினும் தம் சொத்துகளின் மீது அவனுக்குப் பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர் அம்மையாரே; உயிலும் எழுதினார். அந்தக் கையொப்பங்களுக்கு முன் அவரிடம் அமர்ந்து பேச உற்றார் ஒருவரேனும் இருந்தனரா? மறுமணத்தைக் குறைகூறும் நாவுகள் நம் இல்லங்களிலும் உண்டு. குறைகூறிய பின் அந்தப் பெண்ணின் வாசலை மிதிப்பவர் எத்தனை பேர்?

அன்றைய பாடம் ஃபராயிள். வாரிசுரிமையைத் தடுக்கும் காரணங்கள் வரை வந்திருந்தோம். கொலை அவற்றுள் ஒன்று. இளைஞர் கைபேசியை அணைத்துவிட்டுக் கிதாபை விரித்தார்.