ஆண்டின் தெரிவும் படத்தின் ஆயுளும்

ஆண்டு முடியும் தறுவாயில், நிலக்காட்சி ஒளிப்படக்காரர்கள் அவ்வாண்டில் தாம் எடுத்தவற்றுள் மனத்துக்குப் பிடித்த பத்துப் பன்னிரண்டு படங்களைத் தெரிந்தெடுத்துப் பிறர் பார்வைக்கு வைப்பதும், பிறர் வைத்தவற்றைப் பாராட்டுவதும் இன்று உலகெங்கும் வேரூன்றிய வழக்கமாகிவிட்டன. நிலக்காட்சி ஒளிப்படம் என்பது மலை, நீர், மரம், வானம் ஆகியவற்றையும் அவற்றின்மீது விழும் ஒளியையும் முதற்பொருளாகக் கொள்வது. ஓராண்டில் பன்னிரண்டு குறிப்பிடத்தக்க படங்கள் தேறினால் அதுவே நல்ல விளைச்சல் என்னும் கருத்து, அமெரிக்க ஒளிப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸின் பெயரால் வழங்கிவருகிறது. கண்ணாடித் தகட்டையும் ஃபிலிமையும் எண்ணி எண்ணிச் செலவிட்ட தலைமுறையே இப்படிக் கருதியதென்றால், ஒரு காலைப்பொழுதிலேயே நூற்றுக்கணக்கான படங்களைச் சேமிக்கும் டிஜிட்டல் கேமராக்காரருக்கு இக்கணக்கு இன்னும் கடுமையாகவே பொருந்தும்.

இவ்வழக்கத்தின் வலிமை பகிர்வில் இருப்பதைவிடத் தெரிவில் இருக்கிறது. ஓராண்டுப் படங்களை அருகருகே பரப்பிப் பார்க்கும்போதுதான், ஒருவர் எங்கே போனாலும் முன்னால் ஒரு பாறையையும் பின்னால் ஒரு சிகரத்தையும் வைத்து ஒரே படத்தைத் திரும்பத் திரும்ப எடுத்திருப்பது அவருக்கே புலப்படுகிறது. எடுத்த அன்று தெரியாத இந்தப் பழக்கத்தடத்தை, விலக்க வேண்டிய படங்களே காட்டிக்கொடுக்கின்றன. பாராட்டுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு: எடுத்தவர் ஒதுக்கிவைத்த படத்தை மற்றொருவர் கண் மீட்டெடுப்பது அரிதன்று.

ஆனால் 'ஆண்டு' என்னும் அளவுகோல் படத்தின் மதிப்பை அளக்க வல்லதா என்பதே இங்கு முதன்மையான கேள்வி. ஆடம்ஸ் நியூ மெக்ஸிகோவின் ஹெர்னாண்டஸ் சிற்றூரில் எடுத்த நிலவெழுச்சிப் படம் இதற்குத் தக்க சான்று. மறையும் கதிரின் கடைசி ஒளி கல்லறைச் சிலுவைகளின்மீது படிந்திருந்த வேளையில், ஒளிமானி கைக்கு அகப்படாத நிலையில், நிலவின் ஒளிச்செறிவை நினைவிலிருந்தே கணக்கிட்டு அவர் அதை எடுத்தார். 'யு.எஸ். கேமரா' ஆண்டுமலரின் 1943 பதிப்பில், ஒளிப்படக் கலைஞர் எட்வர்டு ஸ்டைக்கனின் தெரிவாக அது முதன்முதலில் அச்சேறியது. அதாவது, அதுவும் ஓர் ஆண்டுத் தொகுப்பின் வழியாகவே வெளியுலகுக்கு வந்தது. எனினும் இன்று உலகம் அறிந்த படம் அதுவன்று. 1948இல் ஆடம்ஸ் நெகட்டிவின் கீழ்ப்பகுதியை வேதிமுறையில் செறிவூட்டினார். பின்னர் பல பதிற்றாண்டுகளாக அச்சிட்ட பிரதிகளில் வானத்தை மேன்மேலும் கருமையாக்கி, மேகக் கீற்றுகள் நிறைந்திருந்த வானை ஏறத்தாழ வெறுமையான இருளாக மாற்றினார். இதைவிட வியப்பானது, படத்தை எந்த ஆண்டில் எடுத்தோம் என்பதே அவருக்கு நினைவில் நிற்காமல், வெவ்வேறு இடங்களில் வெவ்வேறு ஆண்டுகளைக் குறித்ததுதான். நிலவின் இருப்பைக் கொண்டு நாளைக் கணிக்க முயன்ற வானியலாளர்களுள் டெனிஸ் டி சிக்கோ, 1991இல் அது 1941 நவம்பர் 1 மாலை 4.49 மணிக்கு எடுக்கப்பட்டது என்று வரையறுத்தார். எடுத்தவரே ஆண்டை மறந்த பின்பும் அந்தப் படம் வளர்ந்துகொண்டிருந்தது.

டாஸ்மேனியாவின் ஃப்ராங்க்ளின் ஆற்றில் பீட்டர் டொம்ப்ரோவ்ஸ்கிஸ் 1979இல் எடுத்த பனிமூட்டப் படமும் இத்தகையதே. அது பெரும்புகழ் எய்தியது 1983 ஆஸ்திரேலியத் தேர்தலின்போது, ஆற்றை அணைகட்டி மூழ்கடிக்கும் திட்டத்துக்கு எதிரான நாளிதழ் விளம்பரமாக அது வெளிவந்த பின்னர்தான்.

ஆண்டு என்பது படத்தின் மதிப்பை அளக்க வல்லதாக இல்லாதது ஒரு குறை. இரண்டாவது குறை, 'ஆண்டின் படங்கள்' எனப்படும் தொகுப்புகளில் ஆண்டு பெரும்பாலும் இல்லாமற்போவது. தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்தே முதற்பொருள் என்கிறது. பொழுதையும் பருவமாகிய பெரும்பொழுது, நாளின் கூறாகிய சிறுபொழுது என இரண்டாகப் பகுக்கும் மரபு அது. இவ்வளவுகோலை இங்கு வைத்துப் பார்த்தால், இத்தொகுப்புகளில் தென்படும் சிறுபொழுதுகள் பெரும்பாலும் இரண்டே: கதிர் எழும் வேளையும் விழும் வேளையும். 'பொன்னேரம்' என்று இத்தொழிலார் போற்றும் அந்தச் சாய்ந்த ஒளிக்கு அப்பால், பாலைக்குரியதாக நம் மரபு கண்ட நண்பகலுக்கு இங்கே ஏறத்தாழ இடமே இல்லை. வறண்ட ஏரியும் மின்கம்பி குறுக்கிடும் குன்றும் அவ்வாண்டில் கண்ணில் பட்டிருந்தாலும் தெரிவில் தங்குவதில்லை. 1975இல் நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டரில் நடந்த 'நியூ டோப்போகிராஃபிக்ஸ்' கண்காட்சியில் ராபர்ட் ஆடம்ஸ், லூயிஸ் பால்ட்ஸ் முதலானோர் புறநகர் வீட்டு வரிசைகளையும் தொழிற்கூடச் சுவர்களையும் நிலக்காட்சியாக முன்வைத்து அரை நூற்றாண்டு ஆகிறது. ஆண்டிறுதித் தெரிவுகளைப் பார்ப்பவருக்கு அப்படியொன்று நடந்ததாகவே தோன்றாது. கைப்பேசித் திரையின் சிறுமையும் இதற்குத் துணைபோகிறது. ஒரே பெரிய வடிவமும் அழுத்தமான நிறமும் கொண்ட படமே உள்ளங்கை அளவில் எடுபடும். மெல்ல மெல்லத் துலங்கும் காட்டுப்புதர்ப் படம் விருப்பக்குறி எண்ணிக்கையில் தோற்கும். எண்ணிக்கையே அடுத்த ஆண்டு எங்கே போவது என்பதையும் தீர்மானிக்கும்.

அவ்வாறு எல்லோரும் போகும் இடங்களுள் ஒன்று கனடாவின் மொரெய்ன் ஏரி. ஒருகாலத்தில் அந்நாட்டு 20 டாலர் நோட்டின் பின்புறத்தில் இடம்பெற்ற அந்தக் காட்சியைக் காண வருவோரின் நெரிசல் கட்டுக்கடங்காமற்போகவே, 2023 முதல் அங்குச் செல்லும் சாலையில் தனியார் கார்களுக்கு இடமில்லை. படங்கள் மட்டுமே அதற்குக் காரணம் என்பது மிகை. அவற்றுக்குப் பங்கே இல்லை என்பதும் மெய்யன்று.

இக்குறைகளுக்கு மாற்றாகச் சொல்லப்படுவது காலந்தாழ்த்தல். எடுத்த வேளையின் குளிரும் களிப்பும் படத்தின் தரமாக மயக்கம் தருவதால், அந்த உணர்வு அடங்கிய பிறகே தெரிவு செய்ய வேண்டும் என்பது இதன் அடிப்படை. வீதி ஒளிப்படக் கலைஞர் கேரி வினோகிராண்டு இதற்காகவே தம் ஃபிலிம் சுருள்களை நெடுநாள் கழுவாமல் வைத்திருந்தார். காலந்தாழ்த்தலுக்கும் ஓர் எல்லை வேண்டும் என்பதற்கும் அவரே சான்று. 1984இல் அவர் இறந்தபோது ஏறத்தாழ 2,500 சுருள்கள் கழுவப்படாமலே கிடந்தன. அவற்றிலிருந்து படங்களைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தின் ஜான் ஸார்கோவ்ஸ்கியிடம் போய்ச் சேர்ந்தது.